காலையில் ‘கொர்ர்’ என்று இழுக்கும் மணி

குன்னூர் வாசகி ஒருவர் கேட்கிறார்: “எங்கள் பொமரேனியன் மணிக்கு நான்கு வயது. காலையில் கதவைத் திறந்து விட்டதும் கழுத்தை நீட்டி, விறைத்து நின்று, ‘கொர்ர் கொர்ர்’ என்று மூச்சை இழுக்கிறான். அரை நிமிடத்தில் சரியாகி, வாலாட்டிக்கொண்டு ஓடிவிடுகிறான். இது வீசிங்கா? மாமியார் நீலகிரித் தைலம் தடவச் சொல்கிறார்.”

முதலில் தைலத்தை எடுத்து உள்ளே வையுங்கள். நம் மலையில் தைல பாட்டில் இல்லாத வீடு கிடையாது. நமக்குச் சளி பிடித்தால் அது சுகம்தான், நாய்க்கு விஷம். தடவியதை நக்கிவிடும். எச்சில் ஒழுகும், வாந்தி வரும், கால் தள்ளாடும். கற்பூரம் கலந்த தைலங்களும் அப்படித்தான்.

நீங்கள் சொல்வது வீசிங் மாதிரி தெரியவில்லை. வீசிங் பெரும்பாலும் மூச்சை வெளியே விடும்போது கேட்கும் விசில் சத்தம். மணி உள்ளே இழுக்கிறான். இதை ரிவர்ஸ் ஸ்னீசிங் என்போம், தலைகீழ்த் தும்மல். மூக்கின் பின்பக்கம், அண்ணத்துக்கு மேலே ஏதாவது உறுத்தினால் வரும். குளிர்காற்று, விறகடுப்புப் புகை, ஊதுபத்தி, மகரந்தம் எல்லாம் காரணமாகலாம். வெதுவெதுப்பான அறையிலிருந்து பனிக்குள் விடுகிறீர்கள் அல்லவா, அதைக் கவனியுங்கள். வரும்போது பதறாமல் தொண்டையை மெல்ல நீவிவிடுங்கள். ஒருமுறை விழுங்கினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

ஆனால் பொமரேனியன் என்பதால் ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. இந்தச் சிறிய இனங்களில் மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு வளையங்கள் தளர்ந்து, குழாய் தட்டையாவது உண்டு. அப்போது வருவது இருமல், வாத்து கத்துவதுபோல. குதூகலத்தில் துள்ளும்போதும், சங்கிலியை இழுக்கும்போதும் கூடும். எதற்கும் கழுத்துப் பட்டையை விட்டு மார்புப் பட்டைக்கு மாறிவிடுங்கள். உடம்பு போட்டிருந்தால் தீனியைக் குறையுங்கள்.

சோலைப் பக்கம் நடக்கக் கூட்டிப்போவீர்களா? ஓடையில் தண்ணீர் குடிக்கும்போது மூக்கில் அட்டை ஏறிவிடுவது உண்டு. ஓயாத தும்மல், ஒரு பக்க மூக்கில் மட்டும் ரத்தம் என்றால் அதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். காலில் ஏறிய அட்டைக்குச் செய்வதுபோல மூக்குக்குள் உப்போ புகையிலையோ வைக்காதீர்கள். டாக்டர் இடுக்கியால் எடுத்துவிடுவார்.

அசந்து தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒன்று என்று வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-க்குள் இருந்தால் நல்லது. நாளுக்கு நாள் அதற்கு மேலேயே இருந்தால் இதயத்தையும் நுரையீரலையும் பார்க்க வேண்டும். ஈறு நீலம் பாய்ந்தாலோ, படுக்க முடியாமல் முழங்கையை விரித்து உட்கார்ந்து மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அடுத்த முறை கொர்ர் வரும்போது போனில் வீடியோ எடுத்துவையுங்கள். என் மேசையில் ஏறி நின்றதும் எந்த நாயும் அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டியதில்லை.