சக்காரா கல்லறைச் சுவர்களில் யார் என்ன வேலை செய்கிறார்கள்?

கேள்வி: அடுத்த மாதம் எகிப்து போகிறோம். சக்காரா என்ற பழைய இடுகாட்டில் டி, மெரெருக்கா என்ற இரண்டு பண்டைய எகிப்திய உயரதிகாரிகளின் கல்லறைகளையும் பார்க்க எண்ணம். சுவர் முழுக்க வேலையாட்கள் செதுக்கப்பட்டிருக்கிறார்களாம். எந்த வேலை என்று எப்படி அடையாளம் காண்பது?

பதில்: முதலில் பெரிய உருவத்தை விட்டுவிடுங்கள். அவர் கல்லறைக்கு உரியவர். அந்தஸ்தால்தான் அத்தனை பெரிது. வேலை நடப்பது அவருக்கு எதிரே, அடுக்கடுக்கான வரிகளில். எந்த வரியில் தொடங்குவது என்று குழம்பாமல் வேலையின் போக்கிலேயே போங்கள்: அறுப்பு, கட்டு, கழுதைச் சுமை, களம்.

பிறகு கையைப் பாருங்கள். அரிவாள் இருந்தால் தானியம். வெறுங்கையால் பிடுங்கினால் ஆளி, லினன் துணிக்கு நார் தரும் செடி. நார் நீளமாகக் கிடைக்க அதை வேரோடு பிடுங்குவார்கள்.

டியின் கல்லறையில் (சுமார் கி.மு. 2400) தச்சர் வரியை அவசரப்பட்டுக் கடக்காதீர்கள். மரத்தைத் தூணோடு நிமிர்த்திக் கட்டி மேலிருந்து கீழாக அறுக்கிறார்கள். ரம்பம் செம்பாலானது; செம்பு மென்மையானது, தள்ளினால் வளையும். அதனால் ரம்பம் இழுக்கும்போதுதான் வெட்டும். இழைப்புளி எங்கும் தென்படாது, அப்போது கிடையாது. வாச்சியால் செதுக்கி, கல்லால் தேய்த்து வழவழப்பாக்கினார்கள்.

மெரெருக்காவின் கல்லறையில் உலோகம் உருக்கும் உலையைச் சுற்றி உட்கார்ந்து நாணல் குழலால் ஊதுகிறார்கள். நாணல் கருகாதிருக்க நுனியில் களிமண் மூக்கு. காலால் மிதித்துக் காற்றூதும் மிதிதுருத்தியைத் தேடாதீர்கள், பல நூற்றாண்டுகள் பிந்திய புதிய அரசுக் காலச் சுவர்களில்தான் அது வரும். அங்கேயே கழுத்தணி கோக்கும் குள்ளர்களைப் பார்த்து, தாழ்ந்தவர்கள் என்பதால் சிறிதாக வரைந்தார்கள் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். தலை பெரிது, கைகால் குட்டை: உண்மையிலேயே குள்ளமானவர்கள்.

தலைக்கு மேலுள்ள எழுத்துகளில் பல, வேலையாட்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது. பறவை, மனித வடிவங்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ, அந்தப் பக்கமிருந்து படிக்க வேண்டும்.

செதுக்கிய உருவங்கள் சுவரிலிருந்து புடைத்திருப்பது சில மில்லிமீட்டர்தான். நேர் எதிரே டார்ச் அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும்; சுவரை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால் நிழல் விழுந்து ரம்பப் பல்கூடத் தெரியக்கூடும். சுவரில் கை வைக்கவோ ஃபிளாஷ் போடவோ வேண்டாம்.

டியின் கல்லறையில் மாடுகள் ஓடையைக் கடக்கும் காட்சிக்கு அதே வெளிச்சத்தைக் கொடுங்கள். கால்களின் மேல் நெளிநெளியாகத் தண்ணீர். ஓர் ஆளின் முதுகில் கன்று, தாயைத் திரும்பிப் பார்த்தபடி.