அலுமினியத்தில் ராடு வெல்டிங்: பட்டறைகளிலிருந்து வந்த கேள்விகள்

ஆர்கான் வாயு சிலிண்டர் இல்லாத பட்டறையில், வெறும் ராடை (பிளக்ஸ் என்ற கலவை மேலே பூசிய, தானே உருகி ஒட்டும் கம்பி) வைத்து அலுமினியத்தை ஒட்ட முடியுமா? இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி இதைத்தான் கேட்கின்றன. சில வேலைகளுக்கு முடியும். பல வேலைகளுக்கு முடியாது என்று சொல்லி அனுப்பிவிடுவதே நல்லது. எது எதற்கு என்பதைக் கேள்விகளோடு பார்ப்போம்.

கேள்வி: 15 வருஷமா இரும்பு வெல்டிங் பண்றேன். இரும்புக்கான 6013 ராடு கையில இருந்தா எந்தப் பொசிஷனா இருந்தாலும் கவலை இல்லை. அலுமினிய ராடு மட்டும் முதல்ல பிடிக்கவே மாட்டேங்குது. பிடிச்ச கொஞ்ச நேரத்துல தகடு ஓட்டையாகிக் கீழே கொட்டிடுது. எங்கே தப்பு பண்றேன்? (திண்டுக்கல், கிரில் பட்டறை)

பதில்: உங்கள் கை சரியாகத்தான் இருக்கிறது. இரும்பில் பழகிய கண்தான் இங்கே உங்களை ஏமாற்றுகிறது.

அலுமினியத்தின் மேல் எப்போதும் ஒரு ஆக்சைடு தோல் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. சுரண்டி எடுத்தாலும் காற்றுப் பட்டதும் திரும்ப உண்டாகிவிடும். உள்ளே இருக்கும் அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அந்தத் தோல் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே உள்ளே எல்லாம் குழம்பாகிவிட்ட பிறகும் மேலே பை மாதிரி தோல் தாங்கி நிற்கும். நீங்கள் "இன்னும் உருகலையே" என்று காத்திருக்கும்போது பை கிழிந்து மொத்தமாகக் கொட்டிவிடும்.

இரும்பு உருகுவதற்கு முன் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், நமக்கு முன்னறிவிப்பு கொடுக்கும். அலுமினியம் உருகும் சூட்டில் நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாகவே இருந்து, வெள்ளையாகவே விழுந்துவிடும்.

மூன்றாவது, சூட்டைக் கடத்தும் வேகம். சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) இரும்பைவிட நான்கைந்து மடங்கு வேகமாக அலுமினியம் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். தொடக்கத்தில் ராடு பிடிக்காததற்கு இதுதான் காரணம்: நீங்கள் கொடுக்கும் சூடு ஒரே இடத்தில் நிற்பதில்லை. பாதி தூரம் போவதற்குள் முழுத் துண்டும் சூடேறிவிடும். அப்போது அதே ஆம்ப் (கரண்ட் அளவு) அதிகமாகிவிடும்.

செய்யவேண்டியது: துண்டை முதலில் 150 டிகிரி வரை சூடாக்கிக்கொள்ளுங்கள். தீக்குச்சி கிழிப்பது போல ராடை உரசி ஆர்க் (ராடு முனையில் எரியும் மின்பொறி) எடுங்கள். குத்தி எடுக்க முயன்றால் ஒட்டிக்கொள்ளும். ராடை ஏறக்குறைய செங்குத்தாக, ஆர்க் நீளம் மிகக் குறைவாக வைத்து, ஆட்டாமல் நேராக ஓடுங்கள். 3.15 எம்.எம். ராடுக்கு 90 முதல் 120 ஆம்ப் வரை முயன்று பாருங்கள். பாக்கெட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். எம்.எஸ். ராடு தீரும் நேரத்தில் பாதிகூட இது தாங்காது, அதனால் நடையும் அந்த வேகத்தில் இருக்கவேண்டும். கழிவுத் துண்டில் பத்து ராடாவது எரித்துப் பழகாமல் வாடிக்கையாளர் பொருளில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய ஏ.சி. ட்ரான்ஸ்ஃபார்மர் மெஷின். அதில் அலுமினிய ராடு ஓடுமா? (ராசிபுரம்)

பதில்: ஓடாது. டி.சி. வேண்டும், அதிலும் ஹோல்டர் பிளஸ்ஸில், எர்த் கிளாம்ப் மைனஸ்ஸில். அப்படி வைத்தால்தான் ஆர்க்கே ஆக்சைடு தோலை உரிக்க உதவும். மிச்சத்தை ராடின் பிளக்ஸ் கரைக்கும். இப்போது கடைகளில் கிடைக்கும் சின்ன இன்வெர்ட்டர் மெஷின்கள் டி.சி.தான். ஒயரை மாற்றி மாட்டினால் போதும்.

கேள்வி: போன வருஷம் வாங்கிய ராடு பாக்கெட்டில் பாதி மிச்சம். பிளக்ஸ் உப்புப் பூத்த மாதிரி இருக்கிறது. காய வைத்துப் பயன்படுத்தலாமா?

பதில்: உப்புப் பூத்த மாதிரி என்ன, அது உப்பேதான். அலுமினிய ராடின் பிளக்ஸ் குளோரைடு, ஃப்ளூரைடு உப்புகளால் ஆனது. மழைக்காலத்தில் சமையலறை உப்பு கசிவதைப் பார்த்திருப்பீர்கள், அதே குணம். அந்த ஈரம் ஆர்க்கில் பிரிந்து ஹைட்ரஜனாகும். உருகிய அலுமினியம் ஹைட்ரஜனைத் தாராளமாக உள்ளே வாங்கிக்கொள்ளும், உறையும்போது அதில் பெரும்பங்கை வெளியே தள்ளிவிடும். வெளியேற நேரம் கிடைக்காத வாயு உள்ளேயே குமிழாக நின்றுவிடும். அறுத்துப் பார்த்தால் ஜாயின்ட் பன் ரொட்டி மாதிரி இருக்கும்.

பிளக்ஸ் உதிராமல் இருந்தால் 175 முதல் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓவனில் வைத்து, சூடு ஆறுவதற்குள் பயன்படுத்திப் பாருங்கள். விரலால் தொட்டால் பொடியாகக் கொட்டுகிறது என்றால் தூக்கிப் போடுங்கள். வெயிலில் காய வைப்பதால் பயனில்லை. இந்த ராடை நான் பெட்டியாக வாங்குவதே இல்லை, வேலைக்கு எவ்வளவோ அவ்வளவுதான்.

கேள்வி: ஒரு தண்ணீர்க் குழாயின் அலுமினிய இணைப்பை ராடு வைத்து ஒட்டிக்கொடுத்தேன். அன்றைக்கு ஒழுகவில்லை. இரண்டு மாதத்தில் ஜாயின்ட் ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி பூத்து, பக்கத்தில் ஊசி ஓட்டைகள். வெல்டிங் நன்றாக வந்திருந்தும் ஏன் இப்படி? (பொள்ளாச்சி)

பதில்: இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லவேண்டும். இதே தவறை நானும் செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு விவசாயிக்குத் தெளிப்புக் குழாய் ஒட்டிக்கொடுத்து, ஸ்லாக்கை (பிளக்ஸ் உருகி மேலே உறைந்த கழிவை) சுத்தியலால் தட்டிவிட்டு, பார்க்க அழகாக இருக்கிறதென்று அனுப்பிவிட்டேன். ஒரு சாகுபடி முடிவதற்குள் அவர் அதே குழாயைச் சல்லடையாகத் திருப்பிக் கொண்டுவந்தார். கோபித்துக்கொள்ளவும் இல்லை. அவர் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

இரும்பில் ஸ்லாக் ஒட்டியிருந்தால் பார்வைக்குத்தான் அசிங்கம், பெயிண்ட் நிற்காது. அலுமினியத்தில் அது உலோகத்தையே தின்னும். முன்பு சொன்ன அந்த பிளக்ஸ் உப்பு ஸ்லாக்கிலும் இருக்கிறது, அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து உப்புத் தண்ணீராகும். அதிலுள்ள குளோரைடு, அலுமினியத்தைக் காக்கும் ஆக்சைடு தோலைத் துளைத்துவிடும். நீங்கள் பார்த்த வெள்ளைப் பொடி அரிக்கப்பட்ட அலுமினியம்தான். குழாயில் எந்நேரமும் ஈரம் இருப்பதால் உங்களுக்கு இரண்டே மாதத்தில் வந்துவிட்டது.

பொருள் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஸ்லாக்கைத் தட்டி எடுங்கள். பிறகு கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, ஸ்டெயின்லெஸ் வயர் பிரஷ்ஷால் தேயுங்கள். தண்ணீரை மாற்றித் திரும்பத் தேயுங்கள். ஒரு லேயருக்கு மேல் ஓடினால் ஒவ்வொரு லேயருக்கும் நடுவிலும் இதைச் செய்து, நன்றாக உலர்த்திவிட்டுத்தான் அடுத்தது. சுத்தமாகிவிட்டதா என்று உறுதி செய்ய ஒரு வழி உண்டு. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரால் கடைசியாகக் கழுவி, அந்தத் தண்ணீரில் சில்வர் நைட்ரேட் கரைசலைச் சில சொட்டு விடுங்கள். பால் மாதிரி வெளுத்தால் இன்னும் உப்பு இருக்கிறது. போர் தண்ணீரில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், அதிலேயே உப்பு இருப்பதால் எப்படியும் வெளுக்கும்.

குழாயின் உள்பக்கம் வழிந்த பிளக்ஸை எப்படி எடுப்பது? பிரஷ் நுழையாத இடம் என்றால் எடுக்க முடியாது. பிளக்ஸ் மாட்டிக்கொள்ளும் மூலை, ஓவர்லாப் ஜாயின்ட், மூடிய பெட்டி, எதற்குமே ராடு வேண்டாம்.

கேள்வி: ஏணிப்படி ஒன்று விட்டுப்போய்விட்டது. அலுமினிய ஏணி, வீட்டுக்கு பெயிண்ட் அடிப்பவருடையது. ஒட்டித் தரச் சொல்கிறார்.

பதில்: தயவுசெய்து ஒட்டாதீர்கள். ஏணிக் குழாய் பெரும்பாலும் 3 எம்.எம்.க்கும் குறைவு, ராடுக்கு அதுதான் கீழ் எல்லை. அதைவிட முக்கியம், இவை வெப்பச் சிகிச்சையால் பலம் ஏற்றப்பட்ட கலவைகள். உதாரணத்துக்கு 6061-T6 ரகம் சுமார் 310 மெகாபாஸ்கல் தாங்கும். எவ்வளவு நன்றாக வெல்டிங் வைத்தாலும் சூடு பட்ட ஓரம் ஏறக்குறைய பாதிக்கு இறங்கிவிடும். ஜாயின்ட் நிற்கும், பக்கத்தில் ஒடியும். ஒரு மனிதர் இரண்டாம் மாடி உயரத்தில் அதன் மேல் நிற்பார். புது ஏணி வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பைக் இன்ஜின் கவர் விரிசல். ஒட்ட ஒட்ட உள்ளேயிருந்து கருப்பாக ஏதோ பொங்கி வருகிறது. (மதுரை, மெக்கானிக்)

பதில்: அது வருடக்கணக்கில் வார்ப்பின் நுண்துளைகளில் ஊறிய எண்ணெய். ஆனால் ராடு கொஞ்சமாவது கைகொடுக்கும் வேலை என்றால் இந்த மாதிரி வார்ப்பு ரிப்பேர்தான். இன்ஜின் கவர்கள் பெரும்பாலும் சிலிக்கான் கலந்த அலுமினியம். நம் அலுமினிய ராடான 4043 ரகத்திலும் சுமார் 5 சதவீதம் சிலிக்கான் இருக்கிறது, இரண்டும் ஒத்துப்போகும்.

விரிசலின் இரண்டு முனையிலும் சின்னத் துளை போடுங்கள், இல்லாவிட்டால் சூட்டில் அது மேலும் ஓடும். பிறகு வி போலக் குடைந்தெடுங்கள். இரும்புக்கு வைத்திருக்கும் கிரைண்டிங் வீலை இதில் பயன்படுத்தாதீர்கள், அலுமினியம் அதில் அப்பிக்கொள்ளும். கார்பைடு பர் (குடையும் முனை) நல்லது. அசிட்டோனால் துடைத்து, பிறகுதான் பிரஷ். வரிசையை மாற்றினால் எண்ணெயை நீங்களே உலோகத்துக்குள் தேய்த்துவிடுவீர்கள். அந்த பிரஷ் அலுமினியத்துக்கென்றே தனியாக இருக்கட்டும். அசிட்டோன் முழுக்க ஆவியாகி, பாட்டில், துணி எல்லாம் தூரப் போன பிறகே நெருப்பை எடுங்கள்.

அடுத்து மெதுவாகச் சூடேற்றுங்கள். எண்ணெய் வியர்த்து வெளியே வரும். துடைத்து, ஆறவிட்டு, திரும்பச் சூடேற்றுங்கள். புகை நிற்கும்வரை மூன்று நான்கு முறைகூட ஆகலாம். இன்ஃப்ராரெட் கன்னால் சூடு பார்ப்பவர்கள் கவனியுங்கள்: பளபளக்கும் அலுமினியத்தில் அது உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். கருப்பு மார்க்கரால் ஒரு திட்டு போட்டு அங்கே பாருங்கள், அல்லது சூடு காட்டும் சாக்பீஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

நடுவில் ராடு தீர்ந்தால், முனையில் உறைந்த பிளக்ஸ் மூடியை உடைத்து, நின்ற இடத்துக்கு ஒரு அங்குலம் பின்னால், போட்ட லைன் மேலேயே ஆர்க் எடுத்து முன்னே வாருங்கள். முடித்ததும் தண்ணீரில் முக்காதீர்கள், மணலில் புதைத்து ஆறவிடுங்கள். ஆறியபிறகு சுடுதண்ணீர்க் கழுவல்.

கேள்வி: துடைக்க அசிட்டோன் இல்லை. பிரேக் கிளீனர் ஸ்ப்ரே போதுமா?

பதில்: குளோரின் சேர்ந்த கிளீனர் என்றால் உயிருக்கே ஆபத்து. அதன் ஆவி ஆர்க் வெளிச்சத்தில் பாஸ்ஜீனாக மாறும். முதல் உலகப் போரில் ஆயுதமாக வீசப்பட்ட அதே வாயு. டப்பாவில் என்ன இருக்கிறது என்று புரியாவிட்டால் பட்டறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். ராடின் புகையிலும் ஃப்ளூரைடு உண்டு, காற்றோட்டமான இடத்தில் மாஸ்க் போட்டே செய்யுங்கள்.

கேள்வி: இண்டாலியம் கடாயில் சின்ன ஓட்டை. பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்கிறார்கள். சமைக்கலாமா? (குடும்பத் தலைவி, கும்பகோணம்)

பதில்: வேண்டாம் அம்மா. பிளக்ஸ் உப்பு மிச்சமிருந்தால் அது சாப்பாட்டில் சேரும். ஓட்டை விழும் அளவுக்குத் தேய்ந்த அடி ராடின் சூட்டையும் தாங்காது. அதைப் பழைய பாத்திரத்துக்குப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: லாரியின் அலுமினிய டீசல் டேங்கில் கசிவு. காலி செய்துவிட்டார்கள், ஒட்டலாமா?

பதில்: கூடாது. காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

கேள்வி: இவ்வளவு தொல்லை என்றால் ஆர்கான் வாயு விட்டு ஒட்டும் டிக் மெஷினே வாங்கிவிடலாம் போலிருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: வாரத்துக்கு இரண்டு அலுமினிய வேலை வந்தாலே வாங்கலாம். 1940களில் அமெரிக்காவின் நார்த்ராப் விமான நிறுவனத்தில் ரஸ்ஸல் மெரிடித் இந்த முறையை உருவாக்கியதே மக்னீசியம், அலுமினியம் போன்ற லேசான உலோகங்களுக்காகத்தான். பிளக்ஸ் கிடையாது, ஆகவே கழுவலும் இல்லை, அரிப்புப் பயமும் இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விலை குறைவாக வரும் டிக் மெஷின்களில் பெரும்பாலானவை டி.சி. மட்டும். அவற்றில் ஸ்டெயின்லெஸ் அருமையாக வரும், ஆனால் ராடுக்கு டி.சி. என்றாலும், டிக்கில் அலுமினியத்துக்கு ஏ.சி. வேண்டும். "ஏ.சி./டி.சி." என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து, கடையிலேயே ஒரு அலுமினியத் துண்டில் ஓட்டிக் காட்டச் சொல்லி, அதன்பிறகு பணத்தைக் கொடுங்கள்.