ஸ்டெப் போட்டால் ஒரு கட்டளை காணாமல் போகிறதே?

கேள்வி: எங்கள் பட்டறையில் ஒரு பழைய 32-பிட் லினக்ஸ் பெட்டி ஓடுகிறது. கெர்னல் 2.4. இயந்திரத்தோடு வந்தது என்பதால் மாற்ற வழியில்லை. பிடிரேஸ் (ஒரு புரோகிராமை இன்னொன்று நிறுத்திப் பார்க்கும் லினக்ஸ் வசதி) வைத்து, ஸ்டெப் போட்டு ஒவ்வொரு கட்டளையாக நிறுத்திப் பதிவு செய்யும் டிரேசர் ஒன்றை நானே எழுதினேன். கெர்னலிடம் வேலை கேட்கும் சிஸ்டம் கால் வரும் இடத்தில் எல்லாம் அதற்கு அடுத்த கட்டளை பதிவில் இல்லை. சிக்னல் ஹேண்ட்லரில் (சிக்னல் வந்தால் ஓடும் பகுதி) பிரேக்பாயின்ட் வைத்து அங்கிருந்து ஸ்டெப் போட்டு வந்தால், ஹேண்ட்லர் முடியும் இடத்தில் பிடி விட்டுப்போய் புரோகிராம் தன்போக்கில் ஓடிவிடுகிறது. தப்பு எங்கே?

பதில்: உங்கள் கோடில் இல்லை, நிம்மதியாக இருங்கள். இரண்டுமே அந்தக் காலத்துக் கெர்னலின் குறைகள், இரண்டையும் வெளியிலிருந்தே சமாளிக்கலாம்.

முதலில் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். 8048080 (ஹெக்ஸ்) என்ற முகவரியில் இஏஎக்ஸ் ரெஜிஸ்டரில் 20 போடும் கட்டளை (பிராசஸ் எண்ணைக் கேட்கும் கெட்பிட் சிஸ்டம் காலின் எண்), அது 5 பைட். 8048085-இல் சிஸ்டம் காலைத் தொடங்கும் இன்ட் 80 கட்டளை, அது 2 பைட். அடுத்து 8048087-இல் இஏஎக்ஸை இபிஎக்ஸுக்கு நகர்த்தும் 2 பைட் கட்டளை. இன்ட் 80 மேல் ஒரு ஸ்டெப் போட்டால் இஐபி (அடுத்து ஓட வேண்டிய கட்டளையின் முகவரி) 8048087-இல் நிற்க வேண்டும். உங்கள் பெட்டியில் 8048089-இல் நிற்கும், இபிஎக்ஸில் பிராசஸ் எண்ணும் வந்திருக்கும். அதாவது அந்தக் கட்டளை ஓடாமல் போகவில்லை, நமக்குச் சொல்லாமல் ஓடி முடிந்துவிட்டது.

காரணம் இதுதான். ஸ்டெப் என்பது ஈஃப்ளாக்ஸ் ரெஜிஸ்டரின் 8-ஆவது பிட், டிராப் ஃப்ளாக். இன்ட் 80 கெர்னலுக்குள் நுழையும்போது சிபியு அந்த பிட்டை அணைத்துவிடும், திரும்பும்போது ஐரெட் கட்டளை அதைப் பழையபடி ஏற்றும், ஆனால் ஐரெட் ஏற்றிய டிராப் ஃப்ளாக் அடுத்த கட்டளை ஓடி முடிந்த பிறகுதான் வேலை செய்யும். ஆகவே திரும்பும் வழியில் கெர்னலே 'ஸ்டெப் முடிந்தது' என்று டிரேசருக்குச் சொல்ல வேண்டும். 2.4 அதைச் சொல்வதில்லை. 2.6 வரிசையில்தான், 2004 வாக்கில், இதைச் சரிசெய்தார்கள்.

சமாளிப்பது எப்படி என்றால், ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் முன்னால் இஐபி காட்டும் இரண்டு பைட்டைப் படியுங்கள். சிடி 80 (இன்ட் 80-இன் பைட்கள்) என்று இருந்தால் ஸ்டெப் போடாதீர்கள். அடுத்த முகவரியில் சிசி பைட்டை (பிரேக்பாயின்ட் கட்டளை) வைத்து, கன்டினியூ கொடுத்து, நின்றதும் பழைய பைட்டைத் திருப்பி வைத்து இஐபியில் ஒன்றைக் குறையுங்கள். ஆனால் அதற்கு முன் இஏஎக்ஸைக் கட்டாயம் பாருங்கள். 2 (ஃபோர்க்), 120 (க்ளோன்), 190 (விஃபோர்க்) என்றால் பிள்ளை பிராசஸின் நினைவகத்திலும் அந்த சிசி போய் உட்கார்ந்துகொள்ளும், அதைப் பிடிக்க ஆள் இல்லாததால் பிள்ளை அங்கேயே செத்துவிடும். எனக்கு இது நடந்திருக்கிறது, இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். 11 (எக்ஸெக்விஇ) வேறு மாதிரி: பழைய நினைவகமே போய்விடும், நீங்கள் 'திருப்பி வைக்கும்' பைட் புதுப் புரோகிராமின் நடுவில் விழும். இந்த நாலுக்கும் சாதாரண ஸ்டெப்பே போடுங்கள். ஃபோர்க் வகையில் விட்டுப்போகும் ஒரு கட்டளையைப் பதிவில் கையால் சேருங்கள்.

சரி, ஹேண்ட்லர் விஷயம். ஹேண்ட்லர் முடிவில் ஓடுவது சிக்ரிடர்ன் (119) அல்லது ஆர்டி சிக்ரிடர்ன் (173). இவை சிக்னல் வந்த நேரத்தில் ஸ்டாக்கில் சேமித்த ரெஜிஸ்டர்களை அப்படியே திருப்பி ஏற்றும், ஈஃப்ளாக்ஸும் அதில் சேர்த்தி. சிக்னல் வந்தபோது புரோகிராம் சும்மா ஓடிக்கொண்டிருந்ததால் அந்தப் பிரதியில் டிராப் ஃப்ளாக் இல்லை. நீங்கள் ரெஜிஸ்டரில் போட்டது அதோடு அழிந்துபோகும். இங்கே சிசி வைத்தும் பயனில்லை, அந்த இடத்துக்கு யாரும் திரும்பி வரப்போவதில்லை. எனவே சேமித்த பிரதியையே திருத்த வேண்டும். 119 என்றால் இஎஸ்பியிலிருந்து (ஸ்டாக்கின் உச்சி முகவரி) 64 பைட் தள்ளி ஈஃப்ளாக்ஸ் இருக்கும். 173 என்றால் இஎஸ்பி+8-இல் உள்ள முகவரியை எடுத்து 20 கூட்டி, அதிலிருந்து 64. அங்கே 256-ஐ (டிராப் ஃப்ளாக் பிட்) ஆர் (OR) செய்து எழுதிவிட்டு ஸ்டெப் போடுங்கள். ஜிடிபி டிபக்கரும் 32-பிட் லினக்ஸில் இதே வித்தையைத்தான் செய்கிறது. இதிலும் ஐரெட் கதைதான் என்பதால் முதல் கட்டளை ஒன்று விழுங்கப்படும். அதுவும் வேண்டுமென்றால் சேமித்த இஐபியை (64-க்குப் பதில் 56) படித்து அந்த முகவரியில் சிசி வையுங்கள், அப்போது ஃப்ளாக்கைத் தொட வேண்டியதே இல்லை.

கேள்வி: எஸ்எஸ் (ஸ்டாக் செக்மென்ட்) ரெஜிஸ்டரை மாற்றும் கட்டளைக்குப் பிறகும் ஒன்று விடுபடுகிறதே, அதுவும் கெர்னலா?

பதில்: இல்லை, அது சிபியுவின் நடத்தை, புதுக் கெர்னலிலும் அப்படித்தான். ஸ்டாக் செக்மென்டும் இஎஸ்பியும் சேர்ந்து மாற வேண்டும் என்பதற்காக, எஸ்எஸ் ஏற்றிய உடனே ஸ்டெப் டிராப் வராது, அடுத்த கட்டளையும் முடிந்த பிறகே வரும். இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் எழுதியதால் 2018 மே மாதம் விண்டோஸ், மேக்ஓஎஸ், லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, ஜென் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் பேட்ச் வந்தது: வாட்ச்பாயின்ட் (தொட்டாலே டிராப் வரும் காவல்) வைத்த இடத்திலிருந்து எஸ்எஸ்ஸை ஏற்றி, அடுத்த கட்டளையாக சிஸ்டம் கால் போட்டால், தள்ளிப்போன அந்த டிராப் கெர்னலின் முதல் கட்டளையில் போய் வெடிக்கும். உங்கள் டிரேசரில் பாப் எஸ்எஸ் (ஹெக்ஸ் பைட் 17) வந்தாலும் மூவ் எஸ்எஸ் வந்தாலும் அடுத்த கட்டளையை நீங்களே படித்துப் பதிவில் சேர்த்துவிடுங்கள்.