உள்ளாட்சி கேள்வி-பதில்: எங்கள் தெருவுக்கு எந்தக் கணக்கில் பணம்?

நாகர்கோவில் மாநகராட்சியில் 52 வார்டு. இருக்கிற பணத்தைச் சமமாகப் பிரித்துவிட்டால் சண்டையே இல்லையே?
– வாசகர், வடசேரி

சண்டை இருக்காது, பள்ளமும் தூராது. கணக்குக்காக 5.2 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சமமாகப் பிரித்தால் வார்டுக்கு 10 லட்சம். தெருவோர வடிகால் ஓடையும் தார்ச்சாலையும் ஏற்கெனவே உள்ள வார்டில் அது நல்ல தளத்தைப் பெயர்த்துவிட்டு அலங்காரத் தரைக்கல் பதிப்பதில் முடியும். ஓடையே இல்லாத வார்டில் ஒரு மூலையைக்கூட முடிக்காது. பத்து வருடம் இப்படியே பிரித்தாலும் இடைவெளி அப்படியே நிற்கும்.

நூற்றுக்கு 40 பங்கைச் சமமாகவும் 60 பங்கைக் குறையின் அளவுப்படியும் பிரித்துப் பாருங்கள். சமப்பங்கு 2.08 கோடியில் வார்டுக்கு 4 லட்சம் வரும். பராமரிப்புக்கு அது ஆகும். மீதி 3.12 கோடி. நகரம் முழுவதும் ஓடை இல்லாத தெரு 36,000 மீட்டர், அதில் உங்கள் வார்டில் 1,800 மீட்டர் என்றால் இருபதில் ஒரு பங்கு, அதாவது 15.6 லட்சம் உங்களுக்கு. மொத்தம் 19.6 லட்சம். மண் தெரு, குடிநீர் இணைப்பில்லாத வீடு, விளக்கில்லாத கம்பம் எல்லாவற்றையும் இதேபோல் எண்ணிச் சேர்க்கலாம்.

இதில் இரண்டு இடத்தில் தவறு நடக்கும். ஒன்று, குறையை மனுக்களின் எண்ணிக்கையால் அளப்பது. மனு எழுதத் தெரிந்த தெருவுக்கே மனு அதிகம் இருக்கும். நாடாவைப் பிடித்து அளந்தால்தான் உண்மை தெரியும். இரண்டாவது நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உரியது. வீடுகள் வரிசையாக இல்லாமல் விளை விளையாக, அதாவது தோப்பு தோப்பாக, சிதறிக் கிடக்கின்றன. 'ஒரு வீட்டுக்கு எத்தனை ரூபாய் செலவு' என்று மட்டும் பார்த்தால் விளைக்குள் இருக்கும் வீடுகள் ஒவ்வொரு வருடமும் தோற்கும். நீளத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2022-இல் சொத்து வரியைக் கூட்டினார்களே, அந்தப் பணம் எங்கே போகிறது?
– வாசகி, கோட்டாறு

அந்த ஏப்ரலில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்த்தினார்கள். அந்தப் பணம் முதலில் சம்பளம், ஓய்வூதியம், குப்பை அள்ளுவது, தெருவிளக்கு மற்றும் மோட்டார் மின்கட்டணம் ஆகியவற்றுக்கே போகும். மிஞ்சியதுதான் புதிய வேலைக்கு.

இன்னொன்று. மாநகராட்சிக்கு ஒரே பை இல்லை. வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி என்று மூன்று பைகள். கல்விப் பையில் இருக்கும் காசில் தெருவுக்குத் தார் போட முடியாது. மேலிருந்து வரும் பணத்துக்கும் கட்டு உண்டு. மத்திய அரசின் 15-வது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு நம்மைப் போன்ற நகரங்களுக்கு அளித்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே. ஆகவே 'எங்கள் தெருவுக்கு நிதி ஒதுக்குக' என்று பொதுவாக எழுதும் மனு எந்தப் பையிலும் விழாது. குடிநீர்க் குழாய் வேண்டுமென்றால் குடிநீருக்கென்று கட்டுப்பட்ட மானியத்தையே பெயர் சொல்லிக் கேளுங்கள்.

'நமக்கு நாமே' திட்டம் எங்களைப் போன்ற காலனிக்கு ஒத்துவருமா?
– வாசகர், ஒழுகினசேரி

வேலைக்கு மக்கள் ஒரு பங்கு பணம் போட்டால் மீதியை அரசு போடும் திட்டம் இது. 150 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலமுள்ள தெரு 450 சதுர மீட்டர். சதுர மீட்டர் 1,000 ரூபாய் என்று வைத்தால் 4.5 லட்சம். மக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒன்று, 1.5 லட்சம். நாற்பது வீடென்றால் வீட்டுக்கு 3,750 ரூபாய். கூலி வேலைக்குப் போகிறவர் தெருவில் இது சேராது. அரசு ஊழியர் தெருவில் ஒரே மாதத்தில் சேர்ந்துவிடும். எங்கள் பார்வையில் இந்தத் திட்டத்தின் கோளாறே இதுதான்: வசதியுள்ள தெருவுக்கே அரசின் இரண்டு பங்கும் போகிறது. நன்கொடை தர ஒரு நிறுவனமோ வெளிநாட்டில் இருக்கும் உங்கள் ஊர்க்காரரோ கிடைத்தால் மட்டும் முயலுங்கள்.

பட்டியல் சாதியினர் வசிக்கும் பகுதியென்றால் வேறு வழி உண்டு. நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதி ஆண்டுக்கு 5 கோடி. அதில் 15 சதவீதம், அதாவது 75 லட்சம், அப்பகுதிகளுக்குப் பரிந்துரைக்கப்பட வேண்டும். சட்டமன்ற உறுப்பினர் நிதி 3 கோடி தனி.

பணம் இருக்கிறது, ஆனால் 'உங்கள் தெரு எங்கள் பதிவேட்டில் இல்லை' என்கிறார்கள்.
– வாசகி, ஆசாரிபள்ளம்

சரியாகத்தான் சொல்கிறார்கள். தனியார் நிலத்தில் விட்ட பாதைக்கு மாநகராட்சி செலவு செய்தால் தணிக்கையில் மாட்டும். பாதை யார் பெயரில் இருக்கிறதோ அவர்கள் எல்லோரும் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். ஒருவர் கையெழுத்து போடாவிட்டாலும் பாதை நடுவில் துண்டாகிவிடும். அகலத்தை முதலில் பேசி முடியுங்கள். மதில் இடிக்கும் பேச்சு வந்த பிறகு யாரும் கையெழுத்து போட வரமாட்டார்கள்.

கடன் வாங்கிச் செய்தால் என்ன?
– வாசகர், குளச்சல்

கட்டணம் திரும்பி வரும் வேலைக்கு வாங்கலாம். சென்னையை ஒட்டிய ஆலந்தூரில் பாதாளச் சாக்கடைக்கு வீடுகளிடம் முன்பணம் வாங்கி, மீதிக்குக் கடன் வாங்கினார்கள். சிறு ஊர்கள் தனியாகக் கடன் பத்திரம் விட முடியாது என்பதால் 2002-இல் தமிழகத்தில் 13 ஊர்கள் ஒன்றாகச் சேர்ந்து கடன் பத்திரம் வெளியிட்டன. தவணை தவறினால் மாநில நிதிப் பகிர்வில் பிடித்துக்கொள்ளலாம் என்பது அந்தக் கடனுக்கு ஈடு. சாதாரணத் தெரு ஓடைக்குக் கடன் வேண்டாம்.

எப்போது கேட்க வேண்டும்?
– வாசகி, வெட்டூர்ணிமடம்

பட்ஜெட் மார்ச் முடிவதற்குள் நிறைவேறும். பிப்ரவரியில் போய் நின்றால் பந்தி முடிந்த பிறகு இலை கேட்பதுபோல. நவம்பர் 1 உள்ளாட்சி தினம் (நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த நாளும் அதுதான்). அந்த வாக்கில், உங்கள் பகுதி மக்கள் கூடும் பகுதி சபையில் அளவுகளோடு தீர்மானம் போட்டு, மாமன்ற உறுப்பினர் வழியாக ஆணையருக்குக் கொடுங்கள். நமக்கு இரண்டு பருவமழை. மே மாதம் டெண்டர் விட்டால் ஒப்பந்ததாரர் மழையைக் காட்டித் தள்ளுவார். பட்ஜெட்டில் சேர்ந்த வேலைக்கு அடுத்த ஜனவரிக்குள் பணி ஆணை வரவேண்டும்.

ஓடை முதலில், தளம் பிறகு. ஓடைக்கு 100 மீட்டருக்கு அரை மீட்டராவது சாய்வு வேண்டும். போய்ச் சேரும் கால்வாயின் மட்டம் உயரமாக இருந்தால் தண்ணீர் திரும்பி வீட்டுக்கு வரும். வண்டி போகும் தெருவுக்கு 60 மி.மீ. கனத் தரைக்கல் போதாது, 80 கேளுங்கள். ஓரக்கல் இல்லாமல் பதித்தால் முதல் மழையிலேயே விளிம்பு சரியும். வேலை முடிந்ததும் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில், செய்த வேலையின் அளவுகளை எழுதிவைக்கும் அளவுப் புத்தகத்தின் நகல் கேளுங்கள். 30 நாளில் தரவேண்டும். அதில் எழுதியிருக்கும் கனத்தை, ஓரத்தில் ஒரு கல்லைத் தூக்கி அளந்து ஒப்பிடலாம்.