பாலியல் ஆரோக்கியம் பற்றி நம்பகமான தகவலை இணையத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

அரசு மருத்துவமனை ஒன்றின் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கூகுளில் துருவித் துருவித் தேடிவிட்டு, தூக்கம் கெட்ட முகத்தோடுதான் வருகிறார்கள். அதை வைத்துச் சொல்கிறேன்.

அறிகுறியை வைத்துத் தேடாதீர்கள். ஒரு தம்பி வந்தார். போன் முழுக்க ஸ்கிரீன்ஷாட். "அக்கா, தொண்டை வலிக்குது, நாக்கு வெள்ளையா இருக்கு, நேத்து லேசா காய்ச்சல். இதுல எல்லாமே பொருந்துது" என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். காய்ச்சல், தொண்டை வலி, அசதி எல்லாம் எச்.ஐ.வி.யின் ஆரம்பத்தில் வரலாம்தான். மழைக்கால வைரஸ் காய்ச்சலிலும் அதே மூன்றும் வரும். தொற்று இருந்தும் எதுவுமே தெரியாதவர்களும் உண்டு. அந்தப் பட்டியலை விடிய விடியப் படித்தாலும் விடை கிடைக்காது. நான் அவரிடம் கேட்டது, "என்னைக்கு நடந்தது தம்பி?" என்பதைத்தான்.

நாள்கணக்கில்தான் விஷயம் இருக்கிறது. பாதுகாப்பில்லாத உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள் என்றால், தொற்றைத் தடுக்க 28 நாள் சாப்பிடும் மாத்திரை உண்டு. உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் எந்தப் பரிசோதனை எப்போது என்று பார்க்க வேண்டும். அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு அமைப்பான சி.டி.சி.யின் தளம் இதைப் பிரித்துச் சொல்கிறது: கையின் ரத்தக் குழாயிலிருந்து ரத்தம் எடுத்து லேபில் செய்யும் ஆன்டிஜென்-ஆன்டிபாடி பரிசோதனை (வைரஸின் துணுக்கையும், அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியையும் சேர்த்துப் பார்ப்பது) 18 முதல் 45 நாளுக்குள் தொற்றைக் காட்டும், ஆன்டிபாடியை மட்டும் பார்க்கும் பரிசோதனைகளுக்கு 23 முதல் 90 நாள் ஆகும். நல்ல பக்கம் இப்படித்தான் பேசும். எந்தப் பரிசோதனை, எத்தனை நாள், அதற்கு முன் 'இல்லை' என்று வந்தால் ஏன் நம்ப முடியாது என்று சொல்லும். "இந்த 5 அறிகுறி இருந்தால் எய்ட்ஸ்" என்று ஆரம்பிக்கிற வீடியோவை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது, பயமுறுத்திவிட்டு மருந்து விற்கிறவர்கள். இன்ன தேதியில் இன்ன ஊர் லாட்ஜில் வைத்தியரைச் சந்திக்கலாம் என்று பேப்பரில் விளம்பரம் வருமே, அதே கூட்டம்தான் இப்போது யூடியூபில் உட்கார்ந்திருக்கிறது. 'விந்து விட்டான் நொந்து கெட்டான்' என்று ஆரம்பித்து, நாற்பது சொட்டு ரத்தம் ஒரு சொட்டு விந்து என்று கணக்குச் சொல்லி, கடைசியில் லேகியத்துக்கு வாட்ஸ்அப் நம்பர் கொடுப்பார்கள். விந்து உடம்பில் நாள்தோறும் சுரந்துகொண்டே இருக்கிறது. சுய இன்பத்தால் நரம்புத் தளர்ச்சி வராது, ஆண்மை போகாது. பாலுறவுத் திறனைக் கூட்டுவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மூலிகை என்று விற்ற இப்படிப்பட்ட மாத்திரைகளில் வயாக்ராவில் இருக்கும் சில்டெனாபில் கலந்திருந்ததைச் சோதனைகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் தெரியாமல் அதை விழுங்கினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

எனக்கு ரொம்பவும் வயிற்றெரிச்சலைத் தருவது வேறொன்று. நாற்பதைத் தாண்டிய ஆணுக்கு விறைப்புக் குறைவது சர்க்கரை நோய்க்கோ இதய நோய்க்கோ முன்னறிவிப்பாக இருக்கலாம். ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக் குழாய் இதயத்தின் குழாயைவிட மெல்லியது, அடைப்பு அங்கே முதலில் தெரியும். ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் பார்த்திருக்க வேண்டிய மாதங்களை லேகிய டப்பாவோடு கழித்துவிடுகிறார்கள்.

எங்கே படிப்பது என்றால், இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்., அமெரிக்க அரசின் மருத்துவத் தகவல் தளமான மெட்லைன்பிளஸ், உலக சுகாதார நிறுவனம். ஆங்கிலம்தான், ஆனால் எளிய ஆங்கிலம். என்.எச்.எஸ். பக்கத்தின் அடியில் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள், அடுத்து எப்போது பார்ப்பார்கள் என்று தேதி போட்டிருக்கும். தமிழில் யார் பேசினாலும் பெயருக்கு முன் 'டாக்டர்' இருப்பதோடு விட்டுவிடாதீர்கள். அலோபதி மருத்துவர் என்றால் தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்கலாம். வீட்டில் எல்லோரும் எடுக்கிற போன் என்றால் தேடியது போனில் பதிவாகாத இன்காக்னிட்டோவில் தேடுங்கள்.

சட்ட விஷயங்களுக்கு மட்டும் வெளிநாட்டுத் தளம் உதவாது. கருக்கலைப்பைப் பற்றி அமெரிக்கச் செய்திகளைப் படித்துவிட்டு நடுங்குகிற பெண்களைப் பார்க்கிறேன். நம் நாட்டில் மருத்துவரின் ஒப்புதலோடு 20 வாரம் வரை செய்துகொள்ளலாம்; கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி சில பிரிவினருக்கு 24 வாரம் வரை. திருமணமாகாத பெண்களுக்கும் அந்த உரிமை உண்டு என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணுக்குக் கணவர் கையெழுத்தோ அப்பா கையெழுத்தோ தேவையில்லை. இதை மாற்றிச் சொல்லும் தமிழ்ப் பதிவுகள் ஏராளம். அவசரக் கருத்தடை மாத்திரையும் அப்படித்தான். லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற அந்த மாத்திரையை உறவு முடிந்து 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஏற்கெனவே தங்கிய கருவை அது கலைக்காது. அதைப் போட்டால் பிற்பாடு குழந்தை பிறக்காது என்பதும் பொய்.

படித்தும் குழப்பம் தீரவில்லை என்றால் 1097 என்ற தேசிய எய்ட்ஸ் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது, பெயர் சொல்ல வேண்டியதில்லை. நேரில் வருவதானால் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கவோ முடிவை வெளியில் சொல்லவோ கூடாது என்று 2017-இல் சட்டமே வந்திருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எதுவும் வேண்டாம், தேதியை மட்டும் நினைவு வைத்துக்கொண்டு வாருங்கள்.