அம்பு பட்டதும் விழுமா?

கேள்வி: ஆப்பிரிக்காவின் தெற்கே கலஹாரிப் பாலைவனத்தில் வாழும் சான் பழங்குடி மக்கள் விஷ அம்பு எய்து வேட்டையாடுகிறார்களாமே. அம்பு பட்டதும் மிருகம் சுருண்டு விழுந்துவிடும் என்றால் அதில் என்ன வீரம்? அந்த இறைச்சியைத் தின்றால் விஷம் ஏறாதா?

பதில்: சுருண்டு விழாது. சின்ன மானுக்கே சில மணி நேரம் ஆகும். ஒட்டகச்சிவிங்கி என்றால் நாள்கணக்கு. வேட்டையின் கடினமான பாதி அம்பு பட்ட பிறகுதான் ஆரம்பிக்கிறது.

விஷம் ஒரு வண்டின் புழுவிலிருந்து வருகிறது. கிளுவை இனத்துப் புதரின் இலையைத் தின்று கொழுத்த புழு, மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டிக்கொள்ளும். வேரடியில் ஆழமாகத் தோண்டிக் கூடுகளை எடுக்க வேண்டும். கூட்டை உடைத்து, தோல் கிழியாமல் புழுவை விரலிடுக்கில் உருட்டி, உள்ளே குழம்பானதும் அம்பின் மேல் பிழிவார்கள். ஓர் அம்புக்குப் பத்துப் புழுகூட ஆகும். முனையில் பூச மாட்டார்கள், அதற்குப் பின்னாலிருக்கும் தண்டில்தான் பூசுவார்கள். முனை தவறிக் கையைக் கீறினாலும் உயிர் தப்ப வேண்டுமே! இந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது.

அம்பும் ஒரே கம்பு அல்ல. வேலிக் கம்பியை அடித்துத் தட்டையாக்கிய முனை (முன்பு எலும்பில் செய்தார்கள்), நடுவில் எலும்பு இணைப்பு, பின்னால் நாணல் தண்டு. பாய்ந்ததும் நாணல் கழன்று விழும், முனை உடம்பிலேயே தங்கும். ஒரே துண்டாக இருந்தால் மிருகம் புதரில் உரசியே பிடுங்கிப் போட்டுவிடும். வில் சிறியது, விசை குறைவு. அதனால் இருபது, இருபத்தைந்து மீட்டருக்குள் ஊர்ந்து நெருங்கியாக வேண்டும்.

எய்த கையோடு துரத்தவும் கூடாது. விரட்டினால் மிருகம் வெகுதூரம் ஓடிவிடும். விழுந்த நாணலை எடுத்துப் பார்த்து, குளம்புத் தடத்தை மனதில் இருத்திக்கொண்டு குடியிருப்புக்குத் திரும்பி, மறுநாள் ஆட்களோடு தடம் பிடித்துப் போவார்கள். கூட்டத்தோடு கலந்து ஓடிய மிருகத்தின் தடத்தை மட்டும் பிரித்தறிய வேண்டும். தாமதித்தால் சிங்கமோ கழுதைப்புலியோ முந்திக்கொள்ளும்.

இறைச்சிக்கு வருவோம். இந்த விஷம் ரத்தத்தில் கலந்தால்தான் கொல்லும், சிவப்பணுக்களை உடைத்து. வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்யாது. காயத்தைச் சுற்றிய சதையை மட்டும் அறுத்து எறிந்துவிடுவார்கள்.

வீரம் என்று கேட்டீர்கள். நமீபியா–போட்ஸ்வானா எல்லையில் வாழும் ஜுஹோன்சி சான்களிடம், பெரிய மிருகத்தை வீழ்த்தியவர் அதைப் பீற்றிக்கொள்ளக் கூடாது. "ஏதோ சின்னதாக ஒன்று கண்ணில் பட்டது" என்பார். தூக்க வந்தவர்களும் "இந்த எலும்புக்கூட்டுக்கா எங்களை இழுத்தடித்தாய்?" என்று மட்டம் தட்டுவார்கள். எய்தவர் தலைக்கனம் பிடித்து மற்றவர்களை அதிகாரம் செய்யக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. இன்னொன்று: இறைச்சியைப் பங்கிடும் உரிமை எய்தவருக்கு இல்லை, அம்பின் சொந்தக்காரருக்கு. அம்புகளை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொள்வதால், காட்டுப் பக்கமே போகாத கிழவரோ ஒரு பெண்ணோ அன்றைய இறைச்சியைப் பங்கு வைப்பதும் உண்டு.