வழக்கமாகக் குடிக்க ஒரு விஸ்கி: தொண்டை எரிகிறதென்றால்

வீட்டில் குடிக்கும் விஸ்கி தொண்டையை எரிக்கிறது, 12 வருஷ சிங்கிள் மால்ட்டுக்கு (ஒரே ஆலையில் மால்ட்டில் மட்டும் செய்த விஸ்கி) மாறலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற வேண்டாங்க. வாரம் இரண்டு மூன்று நாள், வீட்டில் ஒரு பெக் என்றால் சாதாரண பிளெண்டட் ஸ்காட்சே (பல விஸ்கிகளைக் கலந்த ஸ்காட்லாந்து விஸ்கி) போதும். ஃபேமஸ் கிரவுஸ் மாதிரி புகை வாடை அதிகமில்லாததாகப் பாருங்கள். இனிப்பு பிடிக்குமென்றால், லேபிளில் 'ஸ்ட்ரெய்ட்' என்றிருக்கும் போர்பன் (சோளத்தில் செய்யும் அமெரிக்க விஸ்கி). அதில் வயது போடவில்லை என்றால் குறைந்தது 4 வருஷம் பீப்பாயில் இருந்தது என்று அர்த்தம். ஸ்காட்சுக்குக் கட்டாயம் 3 வருஷம்தான்.

நீங்கள் சொல்லும் எரிச்சலுக்கு பாட்டிலைவிட, 40% ஆல்கஹால் உள்ள சரக்கைத் தண்ணீரில்லாமல் குடிப்பதுதான் காரணமாக இருக்கும்.

இப்போது இருக்கும் பாட்டிலிலேயே சோதித்துவிடுங்கள். 30 மில்லி ஊற்றி, ஐஸ் போடாமல், 10 மில்லி சாதாரணத் தண்ணீர் சேருங்கள், 30%க்கு இறங்கிவிடும். இரண்டு நிமிஷம் விட்டு, வாயை லேசாகத் திறந்தபடி முகர்ந்து பாருங்கள். காரம் போய் வெனிலா, தானிய வாசனை தெரிந்தால் பாட்டில் சரிதான். அப்போதும் நெயில் பாலிஷ் நெடியே தூக்கலாக அடித்தால் பிராண்டை மாற்றுங்கள், அதுவும் சின்ன பாட்டிலாக. ஐஸ் நெடியை மறைத்துவிடும், அதனால்தான் வேண்டாம் என்றேன்.

ஒன்று மட்டும்: தண்ணீர் விட்டால் சுலபமாக இறங்கும், அளவு ஏறுவது தெரியாது. கண்ணளவு வேண்டாம், அளந்து ஊற்றுங்கள். தூக்க மாத்திரை, சர்க்கரை மாத்திரை எடுப்பவர் என்றால் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.